பெயர்ப் பட்டியலில் இல்லாத கணினிகள்

2019 ஆகஸ்ட் 21 அன்று சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் (கேஎல்ஐஏ) கணினி அமைப்புகள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தடுமாறத் தொடங்கின. எந்த விமானம் எந்த வாயிலில் நிற்கிறது என்று காட்டும் திரைகள் செயலிழந்தன. செக்-இன் முகப்புகளில் வரிசை நீண்டது. பயணப்பெட்டிகளைப் பிரித்து அனுப்பும் அமைப்பு திணறியது. வைஃபையும் போயிற்று. பழைய முனையத்தில் மட்டுமல்ல, 2014-இல் திறந்த கேஎல்ஐஏ 2 முனையத்திலும் இதே கதை. ஊழியர்கள் வெள்ளைப் பலகைகளை இழுத்து வந்து, விமான எண்ணையும் வாயில் எண்ணையும் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தார்கள். நிலைமை சீராகச் சில நாட்கள் பிடித்தன. கோளாறு வலையமைப்பில் என்று கண்ட மலேசிய ஏர்போர்ட்ஸ் நிறுவனம், அதன் மையச் சுவிட்சுகளை மாற்றியது. சதிவேலையாக இருக்குமோ என்ற ஐயத்தில் போலீசிலும் புகார் செய்தது.

திரை, செக்-இன், பெட்டி, வைஃபை ஆகிய நான்கும் வேறு வேறு வேலைக்காக எழுதப்பட்ட மென்பொருள்களை நம்பி ஓடுபவை. பயணியின் கண்ணுக்குத் தெரிந்தவை நான்கு கோளாறுகள். பொறியாளர் தேட வேண்டியிருந்தது ஒன்றை. நான்கிலிருந்து அந்த ஒன்றுக்குப் போகும் வழியை ஒரு மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

விமான நிலையம் 1998 ஜூனில் திறந்தபோதே, பல அமைப்புகளையும் ஒன்றாகக் கோக்கும் டாம்ஸ் என்ற முழுமை மேலாண்மை அமைப்பு அங்கே வைக்கப்பட்டது. திறப்பு விழா வாரத்திலேயே கணினிக் கோளாறும் பெட்டிக் குழப்பமும் செய்தியாயின. அதன்பின் இருபது ஆண்டுகளில் சர்வர்கள் சேர்ந்தன, ஒரு முனையமே புதிதாகச் சேர்ந்தது. வலையமைப்பின் எல்லை சிப்பாங்கின் வேலியோடு நிற்கவும் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய ரயில் யார்டு இருந்த இடத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. அடுத்த ஆண்டு அங்கிருந்து விமான நிலையத்துக்கு 57 கிலோமீட்டர் ஓடும் விரைவு ரயில் வந்தது. ரயில் ஏறுமுன் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே செக்-இன் செய்து பெட்டியை ஒப்படைக்கவும் முகப்புகள் வைத்தார்கள். நகரத்தின் நடுவில் இருக்கும் அந்த முகப்பு, சிப்பாங்கில் உள்ள ஏதோ ஒரு சர்வரின் கையை எதிர்பார்த்து நிற்கிறது. எந்தச் சர்வர்? இடையில் எத்தனை சுவிட்சுகள்? சர்வருக்குப் பின்னால் எந்தத் தரவுத்தளம்?

பெரும்பாலான நிறுவனங்களில் இந்தக் கேள்விக்கு விடையாக ஓர் எக்செல் கோப்பு இருக்கும். அமைப்பை ஒப்படைத்த நாளில் யாரோ அக்கறையோடு தயாரித்தது. ஆறு மாதத்தில் அது பழசாகிவிடும். ரப்பர் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நின்றவர்களுக்கு இதன் குறை உடனே புரியும். கங்காணி கையில் இருக்கும் பட்டியலில் உள்ள பெயர்தான் கூப்பிடப்படும். வராதவர் யார் என்று தெரிந்துவிடும். பட்டியலில் ஏறாமல் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தங்கியிருப்பவர் வந்தாலும் வராவிட்டாலும் பெரட்டில் தெரியாது. கண்காணிப்பு மென்பொருள் செய்வது பெரட்டு எடுக்கும் வேலை. அதற்கு முன், லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டி யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதும் வேலை ஒன்று உண்டு. அதற்குக் கண்டறிதல் என்று பெயர். இந்த இரண்டில் கண்காணிப்புக்குத்தான் பணமும் பெரிய திரைகளும் ஒதுக்கப்படுகின்றன. கண்டறிதலைப் பாதியில் விட்டவர்கள் கண்காணிப்பை எவ்வளவு கவனமாகச் செய்தும் பயனில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கதவைத் தட்டும் முறைகளில் மிக எளியது பிங். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ், வலையமைப்பு ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்று பார்ப்பதற்காக எழுதிய சிறு நிரல் அது. ஓர் ஐபி முகவரிக்கு ஒரு சின்னப் பாக்கெட் போகும். அங்கே கணினி இருந்தால் அதே பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும். ஒரு சிறிய அலுவலக வலையமைப்பில் 254 முகவரிகள் இருக்கலாம். எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கச் சில நொடிகள் போதும். ஆனால் பாதுகாப்புக்காகப் பல கணினிகள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும். தட்டுபவரோடு அதே சுவிட்சில் இருக்கும் கணினி ஏஆர்பி என்ற அடிப்படைக் கேள்விக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அதற்குப் பதில் தராவிட்டால் யாரும் அதனோடு பேசவே இயலாது. அந்தப் பதிலில் வரும் 48 பிட் வன்பொருள் முகவரியின் முதல் 24 பிட்டுகள் தயாரிப்பாளருக்கு ஒதுக்கப்பட்டவை. ஆகவே பெட்டியைத் திறக்காமலே அது அச்சுப்பொறியா, சிசிடிவி கேமராவா, சர்வரா என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

பதில் பாக்கெட்டில் இன்னொரு தடயமும் உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டும் ஆயுள் எண் ஒன்றோடு கிளம்புகிறது. வழியில் ஒவ்வொரு ரௌட்டரைக் கடக்கும்போதும் அது ஒன்று குறையும். லினக்ஸ் கணினிகள் வழக்கமாக 64-இலும், விண்டோஸ் 128-இலும் தொடங்கும். கைக்கு வந்த பாக்கெட்டில் 61 இருந்தால், பெரும்பாலும் மூன்று ரௌட்டர் தாண்டி வந்த லினக்ஸ் கணினி. ஒரே ஓர் எண்ணிலிருந்து தூரமும் இயங்குதளமும் கிடைப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் விஷயம்.

கணினி கிடைத்துவிட்டது, அதில் என்ன மென்பொருள் ஓடுகிறது? ஒவ்வொரு கணினியிலும் 65,535 போர்ட் எண்கள் உண்டு. இணையதளச் சர்வர் 443-இல், ஆரக்கிள் தரவுத்தளம் வழக்கமாக 1521-இல், மைஎஸ்கியூஎல் 3306-இல் காத்திருக்கும். தொடர்பு தொடங்கலாமா என்று கேட்கும் பாக்கெட் ஒன்றை ஒரு போர்ட்டுக்கு அனுப்பினால் மூன்றில் ஒன்று நடக்கும். தொடங்கலாம் என்ற பதில் வந்தால் அங்கே ஒரு மென்பொருள் காத்திருக்கிறது. மறுப்பு வந்தால் கணினி உண்டு, அந்த போர்ட்டில் ஆள் இல்லை. ஒரு பதிலும் வராவிட்டால் பெரும்பாலும் நடுவில் ஃபயர்வால் நிற்கிறது. 1997-இல் கார்டன் லயன் வெளியிட்ட என்மேப் என்ற கருவி இந்த மௌனங்களையும் மறுப்புகளையும் படிப்பதை ஒரு கலையாகவே வளர்த்தது. 254 கணினிகளில் எல்லா போர்ட்டுகளையும் தட்டினால் சுமார் 16.6 மில்லியன் தட்டல்கள். அதனால்தான் என்மேப் தானாக அதிகம் புழங்கும் 1,000 போர்ட்டுகளை மட்டும் பார்க்கிறது. ஐபி ஆறாம் பதிப்பில் இந்த முறையே உடைந்துபோகிறது. அதில் ஒரு சாதாரண உள்வலையமைப்பில் 2-இன் 64-ஆம் அடுக்கு முகவரிகள். நொடிக்கு ஒரு மில்லியன் வீதம் தட்டினாலும் முடிக்க 584,000 ஆண்டுகள் ஆகும். அங்கே தட்டுவதை விட்டு, ரௌட்டர்களும் பெயர்ச் சர்வர்களும் ஏற்கெனவே குறித்து வைத்திருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

போர்ட் எண்ணும் முழு உண்மை சொல்லாது. இன்று 443-க்குப் பின்னால் சம்பளக் கணக்கும் இருக்கலாம், பெட்டிகளின் பட்டியலும் இருக்கலாம். உள்ளே நுழைந்து பார்க்கும் உரிமை கண்டறியும் மென்பொருளுக்குத் தரப்பட வேண்டும். சில நிறுவனங்கள் ஒவ்வொரு சர்வரிலும் சிறு முகவர் நிரல் ஒன்றை வைக்கும். சிலர் அதை விரும்பாமல், லினக்ஸில் எஸ்எஸ்எச், விண்டோஸில் டபிள்யூஎம்ஐ என்ற தொலைநிலை வழிகளில் வெளியிலிருந்து கேட்பார்கள். எந்த வழியானாலும் கிடைக்கும் செல்வம் இரண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியல் ஒன்று. எந்த நிரல் எந்த முகவரியோடு, எந்த போர்ட்டில் பேசிக்கொண்டிருக்கிறது என்ற பட்டியல் மற்றொன்று.

இந்த இரண்டாவது பட்டியலை எல்லாச் சர்வரிலிருந்தும் வாங்கி ஒன்றோடொன்று பொருத்தினால் ஒரு வரைபடம் பிறக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் முகப்பு சிப்பாங்கின் ஒரு செயலிச் சர்வரோடு பேசுகிறது. அந்தச் சர்வர் 1521-இல் ஒரு தரவுத்தளத்தோடு பேசுகிறது. அதே தரவுத்தளத்தோடு திரைகளுக்கான சர்வரும் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை எந்த ஆவணத்தையும் பார்க்காமல், கணினிகள் நடந்துகொள்ளும் விதத்திலிருந்தே மென்பொருள் எழுதிவிடுகிறது. ஆவணம், அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்ததைச் சொல்லும். இந்த வரைபடம் நேற்று இரவு உண்மையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும்.

இதற்குப் பொறுமை வேண்டும். ஒரு நொடியில் எடுத்த பட்டியலில் அந்த நொடியில் பேசியவை மட்டுமே இருக்கும். மாதக் கடைசி இரவில் ஒருமுறை ஓடும் சம்பளக் கணக்கு அதில் விழாது. ஆண்டு முடிவுக் கணக்கு, பெருநாள் நெரிசலுக்காக மட்டும் எழுப்பப்படும் மாற்றுச் சர்வர் போன்றவையும் விழாமல் போகும். ஒரு வாரம் கேட்டுவிட்டு இந்தச் சர்வரை யாரும் பயன்படுத்தவில்லை என்று அணைத்துவிடுவது மிகவும் ஆபத்தான முடிவு. குறைந்தது ஒரு முழு மாதமாவது கேட்டிருக்க வேண்டும்; ஆண்டுக்கு ஒருமுறை ஓடுபவை அதிலும் தப்பும்.

இனி பெரட்டு. அன்றாடக் கண்காணிப்பின் மொழி எஸ்என்எம்பி. 1988-இல் வரையறுக்கப்பட்ட இந்த நெறிமுறையில் சுவிட்சும் ரௌட்டரும் தங்களைப் பற்றிய ஒவ்வொரு தகவலையும் புள்ளியிட்ட எண்வரிசை ஒன்றின்கீழ் வைத்திருக்கும். 1.3.6.1.2.1.1.3 என்று கேட்டால், கடைசியாக இயக்கப்பட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று நொடியின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் பதில் வரும். இந்த மொழிக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. இன்று ஜோஹோ என்று அறியப்படும் நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் முதற்சரக்கே எஸ்என்எம்பி கருவிகள்தான். வலையமைப்புச் சாதனம் செய்யும் நிறுவனங்களுக்கு அவற்றைச் சென்னையில் எழுதி விற்றார்கள். 2000-க்குப்பின் தொலைத்தொடர்புத் துறை சரிந்து வாடிக்கையாளர்கள் குறைந்தபோது, அதே அறிவைக்கொண்டு 2002-இல் மேனேஜ்எஞ்சின் என்ற பெயரில் அலுவலகக் கணினிப் பிரிவுகளுக்கான கண்காணிப்பு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். சாதனங்களைத் தேடிக் கண்டறிந்து, செயலிகளையும் தரவுத்தளங்களையும் பார்த்துக்கொள்ளும் பொருள்கள் அந்தக் குடும்பத்தில் உள்ளன. உலகின் பல சர்வர் அறைகளில் விடிய விடிய விழித்திருக்கும் இந்த மென்பொருளைத் தமிழ்நாட்டு இளைஞர்கள் எழுதினார்கள் என்பது நாம் போதிய அளவு கொண்டாடாத செய்தி.

எஸ்என்எம்பியைப் படிக்கும்போது எண்ணியின் அளவைக் கவனிக்க வேண்டும். பழைய எண்ணிகள் 32 பிட். மேலே சொன்ன நேர எண்ணி 497 நாளில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பிவிடும். கவனக்குறைவாக எழுதிய மென்பொருள், ஒழுங்காக ஓடும் சுவிட்சைப் பார்த்து மறுதொடக்கம் ஆனதாக அலறும். ஓர் இணைப்பில் ஓடிய பைட்டுகளை எண்ணும் எண்ணி, நொடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பில் 34 நொடிக்கு ஒருமுறை நிரம்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்டால் இடையில் அது எட்டு முறை சுற்றியிருக்கும். திரையில் வரும் வரைபடம் அழகாக இருந்தாலும் பொய். அதற்காகத்தான் 64 பிட் எண்ணிகள் வந்தன.

2019-ஐ மீண்டும் எடுத்துக்கொள்வோம். மையச் சுவிட்ச் ஒன்று கெட்டால் அதற்கு அப்பால் இருக்கும் ஒவ்வொரு சாதனமும் பதில் தராது. கண்காணிப்புத் திரையில் நூற்றுக்கணக்கில் சிவப்பு. எது காரணம், எது விளைவு? சார்பு வரைபடம் கையில் இருக்கும் மென்பொருள், எல்லாப் பாதைகளும் கடக்கும் இடம் எது என்று பார்த்து, மற்ற எச்சரிக்கைகளை அதன்கீழ் அடக்கிவிடும். வரைபடம் இல்லாதது, திரைக்கு ஒரு குழுவையும் பெட்டிக்கு ஒரு குழுவையும் செக்-இன்னுக்கு ஒரு குழுவையும் எழுப்பிவிடும். மூன்று குழுவும் தங்கள் சர்வரைப் பார்த்து, எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை.

கண்காணிக்கும் சர்வரும் அதே சுவிட்சின் வழியாகவே பார்த்தால் அதுவும் சேர்ந்து குருடாகும். ஆகவே பெரிய நிறுவனங்கள் நிர்வாகத்துக்கென்று தனி வலையமைப்பு ஒன்றை, சில இடங்களில் கைப்பேசிச் சிம் போட்ட மோடத்தை, வைத்திருக்கின்றன. செலவு கூடுதல் என்று முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் இதுதான்.

இதைவிடக் கடினம் அரைகுறைக் கோளாறு. சுவிட்ச் முழுதாகச் செத்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். நூறு பாக்கெட்டில் இரண்டை மட்டும் தவறவிடும் சுவிட்ச் பிங்குக்கு ஒழுங்காகப் பதில் தரும். பலகையில் பச்சை விளக்கு எரியும். பயணச்சீட்டை அச்சிடக் காத்திருப்பவருக்கு மட்டும் அது கெட்டுப்போயிருக்கும். 2017-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று இதைச் சாம்பல்நிறக் கோளாறு என்று விவரித்தது. பயன்படுத்துபவர் காண்பதும் கண்காணிப்பவர் காண்பதும் வேறுபடுவதே அதன் இலக்கணம் என்றார்கள். மருந்து ஒன்று உண்டு: கண்காணிக்கும் மென்பொருள் தானே பயணியாக நடிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு போலிச் செக்-இன் செய்து, தொடக்கம் முதல் அச்சு வரை எத்தனை மில்லிநொடி என்று எழுதிக்கொள்ள வேண்டும். வழக்கமாக 400 எடுப்பது இன்று 1,900 எடுத்தால், எந்த விளக்கும் சிவக்காதபோதே ஓர் ஆள் எழுந்து பார்க்கலாம். கூகுள் 2010-இல் விவரித்த டாப்பர் என்ற முறை இன்னும் ஆழம் போகிறது. உள்ளே வரும் கோரிக்கை ஓர் அடையாள எண் பெறும். அது எத்தனை சர்வருக்குப் போனாலும் அந்த எண்ணும் கூடப் போகும். எந்த இடத்தில் நேரம் கரைந்தது என்பது பின்னால் துல்லியமாகத் தெரியும்.

கிள்ளான் துறைமுகம் போன்ற இடத்தில் கதவைத் தட்டவே தயங்க வேண்டும். அங்கே அலுவலகக் கணினிகளோடு கிரேன்களையும் வாயில்களையும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் இருக்கின்றன. இத்தகைய கருவிகளில் பழையவை எதிர்பாராத பாக்கெட் வந்தால் குழம்பிவிடக்கூடும். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் தன் வழிகாட்டி நூலில் ஒரு நிகழ்வைக் குறிப்பிடுகிறது: தொழிற்சாலை வலையமைப்பில் யாரோ பிங் அனுப்பித் தேடியபோது, சும்மா நின்றிருந்த 9 அடி ரோபோ கை ஒன்று உயிர்பெற்று 180 பாகை சுழன்றது. நல்லவேளை, அறையில் இருந்தவர் எட்டாத இடத்தில் நின்றிருந்தார். ஆகவே இங்கே தட்டாமல் கேட்கும் முறை நல்லது. சுவிட்சின் ஒரு போர்ட்டில் எல்லாப் பாக்கெட்டுக்கும் நகல் எடுத்து, யார் யாரோடு பேசுகிறார் என்று ஒட்டுக்கேட்டே பட்டியலைச் சேர்க்கலாம். மெதுவான வழி. பேசாத சாதனம் அகப்படாது. ஆனாலும் 30 டன் பெட்டி அந்தரத்தில் தொங்கும்போது வேறு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எது எதைச் சார்ந்து நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்ற பாடத்தைக் கப்பல் தொழில் மிகக் கசப்பாகக் கற்றது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நச்சுநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையமும் நின்றது. 4,000 சர்வர், 45,000 கணினி, 2,500 செயலிகளைப் பத்து நாளில் மீண்டும் நிறுவியதாக அதன் தலைவர் ஜிம் ஹகெமான் ஸ்னாபே அடுத்த ஜனவரியில் டாவோஸில் சொன்னார். இன்னொரு விவரம் பின்னர் பத்திரிகையாளர் ஆண்டி கிரீன்பெர்க் எழுதியதில் வந்தது. சர்வர்களுக்குக் காப்புப் பிரதிகள் இருந்தன. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்பதை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் சுமார் 150 இருந்தன; ஒன்றுக்கொன்று நகலாக இயங்கியதால் தனிப்பிரதி எடுக்கவில்லை. எல்லாமே ஒரே நாளில் அழிந்தன. கானாவில் மின்தடையால் அணைந்து கிடந்த ஒன்றே ஒன்று தப்பியது. அதிலிருந்துதான் மற்றவை மீண்டும் எழுந்தன. 2,500 செயலிகளும் எதன்மேல் நிற்கின்றன என்ற கோடு யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை என்றே தோன்றுகிறது.

2025 மார்ச் 23 அன்று கேஎல்ஐஏவை இணையத் தாக்குதல் ஒன்று எட்டியது. தாக்கியவர்கள் 10 மில்லியன் அமெரிக்க டாலர் கேட்டார்கள் என்றும், கொடுக்க மறுத்துவிட்டதாகவும் பிரதமர் அன்வார் இப்ராஹிம் இரண்டு நாள் கழித்து அறிவித்தார். அதற்கு ஏழு மாதம் முன்பே, 2024 ஆகஸ்ட் 26 அன்று, மலேசியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. போக்குவரத்து, வங்கி, மருத்துவம், வேளாண்மையும் தோட்டமும் என 11 துறைகள் அதன்கீழ் வருகின்றன. அடையாளம் காணப்பட்ட நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இடர் மதிப்பீடும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது தணிக்கையும் செய்ய வேண்டும். தங்கள் முக்கியக் கணினி அமைப்புகளைப் பற்றித் துறைத் தலைமை கேட்டால் விவரம் தர வேண்டும். தாக்குதல் தெரிந்தால் உடனே தெரிவித்து, ஆறு மணி நேரத்துக்குள் விவரங்களைச் சேர்த்துத் தர வேண்டும். பின்னர் பதினான்கு நாளுக்குள் தர வேண்டியவற்றில், பாதிக்கப்பட்ட கணினிகளின் உத்தேச எண்ணிக்கையும் ஒன்று. தாக்குதலுக்கு முந்தைய நாள் மொத்தம் எத்தனை கணினிகள் இருந்தன, எது எதோடு பேசிக்கொண்டிருந்தது என்ற பதிவு, தாக்கப்பட்ட வலையமைப்புக்கு வெளியே ஓரிடத்தில் இருந்தால் அந்த எண்ணை ஒரு மாலையில் எழுதிவிடலாம். இல்லாவிட்டால் பொறியாளர்கள் கையில் தாளோடு, சிப்பாங்கிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் அறை அறையாகப் போய் எண்ண வேண்டியிருக்கும்.